எவ்வளவு சூடாக

தக்குவாரெம்போ மருத்துவமனை, மூன்றாம் மாடி.
படிவத்தின் பதினேழாம் கேள்வி:
இருபது ஆண்டுகளுக்கு முன்
மாத்தே குடித்தது எவ்வளவு சூடாக?
நான்கு கட்டங்கள்.
வெதுவெதுப்பு, சூடு, நல்ல சூடு, கொதிக்கக் கொதிக்க.
ஒன்றில் மட்டும் டிக்.

எவுசேபியோ லார்ரோசா, ஆட்டு ரோமம் கத்தரித்தவர்.
உணவுக்குழாயில் கட்டி.
மூக்கில் குழாய், குரலில் பாதி காற்று.
மூன்று வாரமாக அவருக்கு வேறு வேலையில்லை,
வாழ்நாளைத் தலைகீழாகக் கொட்டி
குற்றவாளியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.
"சூடு" என்றார்.
பிறகு, "இல்லை, நல்ல சூடு."
மகள் மிர்த்தா குறுக்கிட்டாள்:
"நாக்குத் தோல் உரியுமே அப்பா, மறந்துவிட்டதா?"
கொதிக்கக் கொதிக்க. டிக்.

கீழே எலும்புப் பிரிவு.
ஒப்பிட ஓர் ஆள்: வில்மார் ஒலிவேரா.
அதே வயது, அதே மாவட்டம்,
குதிரை தள்ளி இடுப்பு முறிந்தவர்.
தன் தொண்டையை ஒரு நாளும் நினைத்துப் பார்க்காதவர்.
"எல்லாரும் குடிக்கிற சூடுதான்."
சூடு. டிக்.
நாற்பது நொடி.

கிளம்பும்போது அவர் மனைவி ஃபிளாஸ்க்கைத் திறந்து
சுரைக்குடுவையில் ஊற்றினாள்.
என் பையில் வெப்பமானி கிடந்தது.
விளையாட்டாக முக்கினேன்.
எழுபத்திரண்டு.
கண்ணிமைக்காமல் உறிஞ்சினார்,
மழை தள்ளிப்போனதைப் பற்றிப் பேசியபடி.

டிக்கை அழிக்க எனக்கு அனுமதியில்லை.

இன்னொன்று.
எவுசேபியோவின் வலக்கையில் குடுவை என்றால்
இடக்கையில் சுருட்டிய புகையிலை.
நாற்பது வருடம் இரண்டும் சேர்ந்தேதான் விடிந்தன.
நெருப்பில்லாமல் புகையாது, சரி;
புகையும் வெந்நீரும் ஒரே வழியாக இறங்கியிருக்க
எது சுட்டது என்று சதையைக் கேட்க முடியுமா?
புகைக்காமல் கொதிக்கக் குடித்தவர்கள் வேண்டும்.
தேடினேன். மாவட்டம் முழுக்க ஐந்து பேர்.
ஒருவர் பாதிரியார்;
ஒயினைப் பற்றி அவர் சொல்லவில்லை,
நானும் துருவவில்லை.

மான்டேவீடியோவுக்கு இரவுப் பேருந்து.
மடியில் நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
சரிபார்க்கப் பதிவுக்கருவியைக் காதில் வைத்தேன்.
என் குரல்.
மூன்றாம் மாடியில்: "இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்."
மூன்றாம் மாடியில்: "அவசரமில்லை, யோசியுங்கள்."
எலும்புப் பிரிவில்: "சரி, அடுத்த கேள்வி."
"சரி, அடுத்த கேள்வி."
"சரி."

மூக்குக் குழாயைக் கண்டதும்
குரலைத் தாழ்த்தியிருக்கிறேன்.
நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்கூடக் கேட்கிறது.
பேராசிரியர் எட்செவெரி கணக்கில் புகையைக் கழிப்பார்,
வயதைக் கழிப்பார், ஒயினையும் ஓரளவு.
அந்த நாற்காலியை
எந்தச் சூத்திரத்தில் கழிப்பார்?

லிஃப்ட் வாசலில் மிர்த்தா கேட்டிருந்தாள்:
"அப்போ, மாத்தேதானா?"
நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்தால் ஓர் எண் வரும் என்றேன்.
"நான் கேட்டது அப்பாவை."

துராஸ்னோ நிறுத்தத்தில்
எல்லாரும் இறங்கி வெந்நீர் பிடித்தார்கள்.
டிரைவர் முதல் மடக்கை உறிஞ்சித் துப்பிவிட்டு
குடுவையை மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினார்.
"ரொம்பச் சூடா?" என்றேன்.
"குடித்துப் பார்."