கொதிப்பதும் வேகுவதும்

மஞ்சூரில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.
பருப்புதான் நம்பாது.
மாற்றலாகி வந்த முதல் வாரம்
அரை மணி நேரம் குமிழ்விட்ட பாத்திரத்தை நம்பி
கல்லைக் கடித்தேன்.
யோகராணி சிரிக்கவில்லை.
நைட் டூட்டி அவசரம்.
ஸ்வெட்டருக்குள் தலை மாட்டியிருக்க
கம்பளிக்குள்ளிருந்து சொன்னாள்:
"கொதிக்கிறது வேற, வேகுறது வேற."

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு.
எனக்கு மின்வாரியத்தில் பகல்.
நாங்கள் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும்
மூடி போட்ட ஒரு அலுமினியப் பாத்திரத்தில்.

ஜனவரியில் ஸ்கூட்டர் சீட்டைச் சுரண்டினால்
ஒரு கரண்டி பனி வரும்.
அந்த மாதம் முழுக்க ஆட்டுக்கால்.
சுட்டு, மயிர் வழித்து, மஞ்சள் பூசிக் கழுவி
மிளகும் சீரகமும் அம்மியில் நசுக்கிப் போட்டு
ஒன்பது மணிச் செய்தி முடியும்வரை
குக்கர் முணுமுணுக்கும்.
காலை ஆறேகாலுக்கு அவள் மூடி திறக்கையில்
மேலே கொழுப்பு மஞ்சள் மெழுகாய் இறுகியிருக்கும்.
கரண்டிக் காம்பால் அதில் "உப்பு" என்று கீறிவிட்டு
தூங்கப் போய்விடுவாள்.
கூடவா குறைவா, எழுத மாட்டாள்.

ஏப்ரலில் ஊட்டிக்கு சீசன், எங்களுக்கு கேரட்.
போஜன் தோட்டத்து மோட்டாருக்கு
ஞாயிற்றுக்கிழமை ஃபியூஸ் போட்டுக் கொடுத்தேன்.
கழுவும்போது உடைந்ததெல்லாம் சாக்கில் வந்தது.
லஞ்சம் என்றால் லஞ்சம்தான், ஆரஞ்சு நிறத்தில்.
நூல்கோல், ஒரு பிடி பட்டாணி,
புளிப்புக்கு ஒரு மரத்தக்காளி.
ஏழு நாள் அதே சூப்.
எட்டாம் நாள் பாத்திரத்தின் அடியில் சீட்டு:
"நான் முயல் இல்லை."

ஜூனில் சவுதி விண்ணப்பத்தைப் பார்த்தேன்.
கேட்காமல் கத்தினேன்.
இந்த உயரத்தில் எல்லாம் சீக்கிரம் கொதிக்கிறது.
ஒன்பது நாள் பாத்திரம் கவிழ்ந்தே கிடந்தது.
அவள் பன் தின்றாள்,
நான் பஸ் ஸ்டாண்டில் புரோட்டா.

பிறகு காற்று.
அவலாஞ்சிப் பக்கம் கற்பூர மரங்கள்
கம்பிகளை இழுத்துக்கொண்டு படுத்தன.
மூன்று நாள் மழைக்கோட்டுக்குள்ளேயே நனைந்தோம்.
மூன்றாம் இரவு ஆம்புலன்ஸ் டிரைவர்
தூக்குவாளி ஒன்றை நீட்டினான்.
"சிஸ்டர் குடுத்தாங்க."
சொதி.
உருளைக்கிழங்கு, கீறிய பச்சைமிளகாய், வெந்தயம்,
அட்டனிலிருந்து அவள் அப்பா
கப்பலில் கொண்டுவந்தவற்றில்
இன்னும் தீராத ஒரே பொருள்.
பாதி குடித்த பிறகுதான் உறைத்தது:
மஞ்சூரில் கரண்ட் இல்லை.
நான் இன்னும் கொடுக்கவில்லை.
மிக்ஸி ஓடியிருக்காது.
மெழுகுவர்த்தி வைத்துத் துருவி
கையால் பிழிந்த பால் இது.
கூட இருந்த ஹெல்பர் ஆல்ட்ரினுக்கு
ஒரு மூடி கொடுத்தேன்.
இரண்டாவது மூடி கேட்டான். கொடுக்கவில்லை.

சமாதானம் என்று யாரும் சொல்லவில்லை.
பாத்திரம் மறுபடி அடுப்பேறியது, அவ்வளவுதான்.

ஐப்பசியில் குந்தா ரோடு சரிந்து
காய்கறி லாரி நின்றபோது
வீட்டில் இருந்தது பூண்டும் பழைய சோறும்.
சோற்றைக் குழையவிட்டு, பூண்டை நெய்யில் வதக்கி,
மிளகு தூக்கலாக.
நான் செய்ததிலேயே நல்ல சூப் அது.
எவ்வளவு எது என்று நினைவில்லை.

இப்போது மார்கழி.
விண்ணப்பம் காலண்டருக்குப் பின்னால்
இன்னும் இருக்கிறது.
எடுத்துப் பார்க்கவில்லை.
பார்த்தேன்.
கணவர் பெயர் என்ற கட்டத்தில்
என் பெயர், அவள் கையெழுத்தில்,
அதன் மேல் ஒரு விரல் அகலத்துக்கு
ஆட்டுக்கால் கொழுப்பு.
யார் விரலென்று தெரியவில்லை.

கொள்ளு ஊறுகிறது.
நாளைக்கு எத்தனை விசில் என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.