இரண்டாவது நகர்த்தல்

இருபத்தெட்டு நிமிடம் ஓடிவிட்டது அவள் கடிகாரம்.
எதிரே காலி நாற்காலி.
ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு
இரண்டாம் காப்பியையும் குடித்து முடித்திருந்தேன்.

தெற்குத் தீவிலிருந்து காலையில் கிளம்பிய கப்பல்
லிட்லா டிமுனைத் தாண்டவில்லையாம்.
ஆடுகள் மட்டும் வாழும் அந்தப் பாறை வரை வந்து
கேப்டன் திருப்பிவிட்டார் என்றான் பக்கத்துப் பலகை ரெகின்.
மதியக் கப்பலில் வருகிறார்கள், பாதிப் பேருக்கு வாந்தி.

துரிட்டா வந்தாள்.
சால்மன் பண்ணையில் வலை கழுவுகிறவள்,
கை குலுக்கினால் உப்புத்தாள் உரசும்.
மழைச்சட்டையைக்கூடக் கழற்றாமல்
குதிரையை எஃப்-ஆறுக்குத் தாவவிட்டாள்.

தெரிந்த வழிதான். விரட்டினேன்: சிப்பாய், இ-ஐந்து.
இனி அது டி-ஐந்துக்கு ஓடும், நான் மறுபடி விரட்டுவேன்,
ஆயிரம் பேர் நடந்து புல் செத்த பாதை.

அவள் குதிரையைத் தூக்கினாள்.
ஜி-எட்டில் வைத்தாள்.

கிளம்பிய அதே லாயத்தில்.

ரெகின் சிரிப்பை இருமலாக்கினான்.
அவள் பக்கம் பதினாறும் அப்படியே,
ஆட்டம் தொடங்கவே இல்லை என்பதுபோல்.
நடுவில் என் சிப்பாய் மட்டும்
வீடு மாறி நுழைந்துவிட்டு
குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றது.

இரண்டு நகர்த்தல் இனாம்.
இனாமாய் வந்த காசு கையில் நிற்குமா?
டி-நான்கு, எஃப்-நான்கு என்று வாரி இறைத்தேன்.
அவள் ஒன்றை வெட்டினாள்.
மந்திரியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.
பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
ஜன்னலில் காற்று.

அந்தக் குதிரை மறுபடி வந்தது,
இந்த முறை கொல்லைப்புறமாக.
இ-ஏழு. அப்புறம் ஜி-ஆறு.
அங்கே உட்கார்ந்து என் சிப்பாயையே பார்த்தது.

குதிரையை வைத்தேன் காவலுக்கு. யானையை. ராணியை.
ஒரு காலாளுக்கு ஒரு சமஸ்தானம் காவல்.
ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம் பின்னால் வைக்க முடிந்தால்!
யோசித்து யோசித்துப் பதினேழு நிமிடம் கரைத்தேன்,
ஆறு வயதில் முதல் நாள் கற்ற விதிக்கு எதிராக.

நாற்பத்தோராவது நகர்த்தலில் அது விழுந்தது.
ஐம்பத்தெட்டில் கை நீட்டினேன்.

கோப்பைகளைக் கழுவும்போது கேட்டேன்,
கப்பல் திரும்பியதில் தோன்றிய யோசனையா?
'கப்பலில் வாந்திதான் எடுத்தேன்,' என்றாள்.
'பிப்ரவரியிலிருந்து ஆடுகிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள்.
சிரிக்கிறவர்கள் அகலக்கால் வைக்கிறார்கள்.'
கடைசிக் கப்பலுக்கு ஓடினாள்.

இரவு வீட்டில் பலகையைத் திருப்பிக் கறுப்பின் பக்கம் உட்கார்ந்தேன்.
குதிரையை எடுத்தேன், வைத்தேன்.
எதிரில் சிப்பாயை நானே தள்ளினேன்.
மறுபடி குதிரையைத் தொட்டேன்.
விரல் டி-ஐந்துக்கே போகிறது.
மூன்று தடவை.
நான்காவதில் விளக்கை அணைத்துவிட்டேன்,
குதிரை இன்னும் எஃப்-ஆறில்.