ஏழாம் பாகத்தில் உப்பு இல்லை

இரண்டாம் பாகத்தில் உப்புக்கென்று ஒரு கட்டம் இருந்தது.
அதை நிரப்ப மறந்து
பதினோராயிரம் பேரை ஆற்றுக்கு அக்கட்ட அனுப்பினேன்.
இறைச்சி புழுத்தது. படை திரும்பி நடந்தது.
ராசிபுரம் விடுதியில், விடிந்தால் செமஸ்டர்,
நான் ரஃப் நோட்டில்
தோல்விக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்:
தலைக்கு எத்தனை படி, வண்டிக்கு எத்தனை மாடு,
மாட்டுக்கு யார் தீனி.

மூன்றில் உப்பும் தோலும் தானியமும் சேர்ந்து
‘பொருள்’ என்று ஆயின.
நான்கில் ஆளுநர்களுக்குக் கோபம் வருவது நின்றது.
ஐந்தை வாங்கவில்லை, கல்யாண வருஷம்.
ஆறில் வரி தானாக வசூலானது.
ஏழு போன மாசம் வந்தது, நாலாயிரத்துச் சொச்சம்.
காட்டில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக அசைகிறது
(நாமக்கல் வெயிலில் கம்ப்யூட்டர் விசிறி
முட்டை லாரி மேடேறுவதுபோல் முனகுகிறது).
மந்திரி குனிந்து
நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்கிறார்.
தங்க நிறத்தில் ஒரே பொத்தான்.
அமுக்கினேன்.
ஒன்பது நிமிஷத்தில் ஒரு கண்டம் என்னுடையது.
யாரிடமிருந்து என்று பார்ப்பதற்குள்
பட்டாசு வெடித்துவிட்டது.

உப்பில்லாப் பண்டம், என்று வீரகுமாருக்கு அனுப்பினேன்.
குப்பையிலே, என்று பெருந்துறையிலிருந்து பதில்,
இரவு ஒன்றரைக்கு.

பகலில் நான் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும்.
கோழிப்பண்ணைகளுக்குக் கணக்கு மென்பொருள்.
மோகனூர் ரோட்டில் சென்னியப்பன் பண்ணை,
எண்பதாயிரம் கோழி.
தீவனக் கலவைக்கு நான் வைத்திருந்தது நாற்பத்தோரு கட்டம்:
மக்காச்சோளம், சோயா, தவிடு, கிளிஞ்சல்,
ஓரத்தில் உப்பு.
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.
“ஏனுங் அம்மிணி, இத்தன கட்டம் ஆருக்குங்?
நா முட்ட விக்கறவன்.
ஒரு பொத்தான் வைங்க, போதும்.”
வைத்தேன்.
நிறம்கூட, இப்போது யோசித்தால், தங்கம்தான்.
அதற்கப்புறம் அவர் மத்தியானம் தூங்குகிறார்.
நல்ல தூக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

மூன்றாம் வாரம் கொட்டகையிலிருந்து ரங்கநாயகி போன்.
“எச்சம் தண்ணியா விழுகுதுங்க. உப்பு எச்சா இருக்கோணும்.
உப்புக் கட்டத்த எங்கீங்க காணோம்?”
உள்ளேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றேன்.
“சாமியாட்டமுங்களா?” என்றாள்.

அன்று பொழுதோட அவளுக்கு மட்டும் ஒரு வழி வைத்தேன்.
எஃப் ஒன்பதை மூன்று தரம் அமுக்கினால்
நாற்பத்தோரு கட்டமும் திறக்கும்.
முதலாளியிடம் சொல்லவில்லை. பில்லிலும் போடவில்லை.

பழசுதான் ஒசத்தி என்று சொல்ல வரவில்லை.
இரண்டாம் பாகத்தின் கோப்புகளை
வீரகுமார் ஒருமுறை பிரித்துப் பார்த்தான்.
காற்றுத் திசை என்றிருந்த எண்
எதனோடும் சேராமல் சும்மா கிடந்ததாம்.
ஆறு வருஷம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான்
நான் கப்பல் விட்டிருக்கிறேன்.

இப்போது அவன் வேறொன்று அனுப்பியிருக்கிறான்.
எங்கோ பனி விழும் ஊரில்
அக்கா தம்பி இரண்டு பேர் செய்தது.
படமே கிடையாது.
மலைக்கு ஓர் எழுத்து, மாட்டுக்கு ஓர் எழுத்து,
பசிக்குச் சிவப்பில் ஓர் எழுத்து.
விதிப்புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
ஜிஎஸ்டியா என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நேற்று மூன்றாவது வருஷத்திலேயே என் ஊர் காலி.
கிணறு வெட்டுகிறவனுக்கும் சுண்ணாம்பு சுடுகிறவனுக்கும்
பழைய பகையாம், பக்கம் நூற்றுநாற்பது.
தெரியாமல் இரண்டு பேரையும்
ஒரே தெருவில் குடிவைத்திருக்கிறேன்.

மணி மூன்று. ரஃப் நோட்டு இல்லை.
சென்னியப்பன் பண்ணை ரசீதைத் திருப்பிப் போட்டு
எழுதத் தொடங்கினேன்:
கிணறு கிழக்கே. சுண்ணாம்பு மேற்கே.
நடுவில் யார்?