ஒன்றரைப் பேர்

பொகவந்தலாவை ஹார்ட்வெயாரில்
ஒரு மூடை சீமெந்து இரண்டாயிரத்து ஐம்பது.
எனக்கு ரூபாயில் கணக்கு நிற்காது.
கொப்பியில் பேரால் எழுதுகிறேன்:
மூடைக்கு ஒன்றரைப் பேர்.
அப்படியும் இருபத்தைந்து ரூபாய் துண்டு விழும்.

பேர் என்றால்
இருபது கிலோ கொழுந்து நிறுத்த பிறகு
கணக்கப்பிள்ளை செக்ரோலில் போடுகிறாரே, அது.
குறைந்தால் அரைப்பேர்.
காய்ச்சலில் படுத்தால் பேரே இல்லை.

இதெல்லாம் கடைவாசல் விலை.
லொறி கோயில் முடக்கோடு நின்றுவிடும்.
அதற்கு மேலே இருப்பது ரோட்டு இல்லை,
ரோட்டுக்கு வாங்கிய ஓட்டு.
ருசாந்தன் தலைச்சுமைக்கு மூடைக்கு நூற்றைம்பது கேட்டான்.
"நூத்திநாப்பத்தெட்டுப் படி இருக்குக்கா.
படிக்கு ஒரு ரூவா.
மிச்சம் ரெண்டு ரூவா மூச்சு வாங்க."
பேரம் பேச வாய் வரவில்லை.

மணல், கீழே ஒரு கியூப்.
மேலே ஏற உரச்சாக்கில் நூற்றுப்பத்து நடை.
நடைக்கு ஒரு பிடி சிந்தி
எங்கள் படிகளுக்கு
இப்போது ஒரு ஆற்றங்கரை.

நிலம் ஏழு பேர்ச். சும்மா கொடுத்தார்கள்.
சும்மா கொடுத்தது சரிவு.
மண் பார்க்க வந்தவர் குடையை மடக்கி
அதன் நுனியால் காட்டினார்:
வெட்டிய கரைக்கு அணைச்சுவர்,
ஏழடி, கம்பி கட்டி,
தண்ணீர் வடியக் குழாய் வைத்து.
பிறகுதான் வீடு.

விமலதாச பாஸ் எஸ்டிமேட்டைச்
சிங்களத்தில் ஒரு தரம் சொன்னார்,
தமிழில் ஒரு தரம்.
இரண்டு மொழியிலும் ஒரே தொகை.

அடித்தட்டுக்குக் கலவை கொட்டிய சனிக்கிழமை,
பாதியில்,
காசல்ரீ பக்கமிருந்து வந்துவிட்டது மழை.
பாஸ் தார்பாய் கேட்டார்.
ஆணி எழுதியிருந்தேன், கட்டுக்கம்பி எழுதியிருந்தேன்,
ஆறு பேருக்குப் பிளேன்டீ, சீனி எழுதியிருந்தேன்.
தார்பாய் எழுதவில்லை.
சீமெந்துப் பால் ஓரத்தில் வெள்ளையாய் ஓடிற்று.
ஓடுவது எத்தனை பேர் என்று
மனசு தானாக எண்ணிற்று.

மேட்டு மலையில் கொழுந்தெடுத்தவர்கள் இறங்கி வந்தார்கள்.
யார் முதலில் அவிழ்த்தது, தெரியாது.
இடுப்பில் கட்டிய படங்குகள்,
ஒன்பது,
சாயம் ஏறி, செடி கிழித்து, ஒட்டுப் போட்டவை,
ஒன்றின்மேல் ஒன்றாய் விரிந்தன.
காற்று தூக்காமல் நாலு முனையிலும் கல் வைத்துவிட்டு
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம்.
ஒருத்தி நனைந்த பீடா வெற்றிலையைப் பங்கு வைத்தாள்.

இறுகிவிட்டது.
அணைச்சுவரும் எழும்பிவிட்டது.
நாற்பத்தாறு மூடை
மலையைப் பார்த்தபடி நிற்கிறது.
சமையலறைக்கென்று வைத்திருந்த ஈ.பி.எஃப். காசு அதற்குள்.
வீட்டுக்காரர் வெள்ளவத்தைப் பாத்திரக் கடையில்
நின்றுகொண்டே வேலை செய்த பதினொரு மாதம் அதற்குள்.
அதில் கதவு இல்லை.
அடுப்பு வைக்க முடியாது.
வருகிறவர்களுக்குக் காட்டக்கூட முடியாது,
முதுகுப்பக்கம் அது.
போனில் அவர் கேட்கிறார், "வீடு எது வரைக்கும்?"
"விழாத வரைக்கும்" என்றேன்.
சிரித்தாரா, சிக்னல் போனதா, தெரியவில்லை.

அடித்தட்டின் மேலே படங்கு நெசவு பதிந்திருந்தது.
மண் கொட்டி மூடுமுன்
பூசி மழுப்பவா என்றார் பாஸ்.
பூசினால் இன்னும் இரண்டு மூடை.
விடுங்கள் என்றேன்.

அன்றைக்கு மழையில் நின்றதால்
அந்தி நிறுவைக்குப் பிந்தியவர்கள் மூன்று பேர்.
கொப்பியின் கடைசித் தாளில் இருக்கிறார்கள்:
தவக்கிளி, அரை.
எப்சிபா, அரை.
சின்னப்பொண்ணு மகள் லோகாம்பாள், அரை.

கூட்டிப் பார்த்தேன்.
ஒரு மூடை.
கடைக்காரர் கணக்கில் அது இல்லை.