மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் இன்றைக்கும் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
புயல் எங்கோ ஆந்திராப் பக்கம் போகிறதாம்.
போகட்டும். கூண்டு ஏறினால் போதும்,
படகெல்லாம் கரையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்,
ஐஸ் கம்பெனி வாசலில் நாய் படுத்திருக்கும்,
பிரிட்டோ பட்டப்பகலில் தூங்குவான்.

அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

ஐந்தாம் மாதம். இடுப்பளவுத் தண்ணீரில்
கட்டக்கோரைப் பாசி பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
விரலில் சுற்றிய துணி அவிழ்ந்து
பாறை கீறியதுகூட உறைக்கவில்லை.
அவ்வளவு குளிர், ஆவணி வெயிலில்.
நான்கு நாள் காய்ச்சல். ஒரு அட்டை மாத்திரை.
ஐந்தாம் நாள் மறுபடி கடலுக்கு.

ராமநாதபுரத்தில் டாக்டர் நஸ்ரின் கேட்டார்,
"மாசமா இருந்தப்ப காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?"
இன்னாசி அவர் மேசையில் முத்திரை மைப்பெட்டியைத்
திறந்தான், மூடினான், திறந்தான்.
ஆறு வயது. இன்னும் என்னை அம்மா என்றதில்லை.

கிருமி அவனைத் தொட்டிருக்காது என்றார்.
கூண்டு ஏற்றியது என் ரத்தம்தான்,
எனக்காக. அவனுக்காகவும்தான்.
சேதி நஞ்சுக்கொடி தாண்டியிருக்கலாம்.
அவன் தலைக்குள் அப்போதுதான் புறப்பட்ட சின்ன வள்ளங்கள்
போகவேண்டிய துறையை விட்டு
வேறெங்கோ ஒதுங்கியிருக்கலாம்.
துறைமுகமும் வள்ளமும் நான் வைத்துக்கொண்டது.
"இருக்கலாம்" மட்டும் அவருடையது. மூன்று தடவை சொன்னார்.
காய்ச்சல் கண்ட தாய்மார் எத்தனையோ பேர்,
பெரும்பாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை,
இதுதான் என்று எதையும் கையில் எடுத்துத் தர முடியாதும்மா.

பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.
அந்த நாலு நாள். அந்த அஞ்சாம் நாள்.
அன்றைக்குப் பாசி கிலோ என்ன விலை?
கிரகணத்தன்று நண்டு உடைத்தாயே என்றாள் நாத்தனார்.
நான் பதில் பேசவில்லை.
கிரகணம் தூரத்தில் இருந்தது,
ரத்தம் கிட்டத்தில்.

மற்ற நாளில் இன்னாசி கடற்கரைக்கு வரமாட்டான்.
இன்ஜின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.
கூண்டு ஏறிய நாளில் வருவான்.
சத்தமில்லாமல் வரிசையாக நிற்கும் படகுகளில்
பக்கவாட்டு எண்ணை ஒவ்வொன்றாக விரலால் எழுதிப் பார்ப்பான்.
ஏதோ முனகுவான், சிரிப்பான்.
ஒரு படகை விட்டுவிட்டான் போல,
பத்தடி போனவன் திரும்பி வந்து
என் தழும்பு விரலைப் பிடித்து
அந்த எண்ணின் மேல் வைத்தான்.

அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லை.
கூண்டு இன்னும் ஒரு நாள் இறங்காமல் இருக்கட்டும் என்று
நான் நினைத்ததை
பிரிட்டோவிடம் சொல்லமாட்டேன்.