எடைமேடை

"வீட்ல யாராவது பீடி, சிகரெட்?"
இல்லை டாக்டர். அவர் மஸ்கட்டில்.
"நாய், பூனை?"
இல்லை.
"விறகடுப்பு?"
கேஸ்தான்.
"உங்களுக்கு என்ன வேலை?"
கணக்கு எழுதுறேன்.
எங்கே என்று அவர் கேட்கவில்லை.
தக்கலை ஆஸ்பத்திரியில் எனக்குப் பின்னால்
மடியில் பிள்ளைகளோடு நீண்ட பெஞ்சு
இருமிக்கொண்டிருந்தது.

பாறைவிளை விலக்கில் இருக்கிறது என் கண்ணாடிக் கூண்டு.
டிப்பர் ஏறினால் மேடை ஒருமுறை குலுங்கும்,
சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்.
மொத்தத்தில் வெறும் வண்டியைக் கழித்தால் மலை.
பதினெட்டு டன் மலைக்குப்
பன்னிரண்டு என்று எழுதுவேன்.
தார்ப்பாயை இழுத்துக் கட்டாமலே
களியக்காவிளைப் பக்கம் போய்விடும்.

இந்தப் பக்கத்து ரப்பருக்கெல்லாம்
இலை வெள்ளை.
சிரட்டையில் வடிந்த பாலில்
ஒரு நுள்ளு பொடி மிதக்கும்.
துணி காயப்போட்டு எடுத்தால்
மறுபடி அலச வேண்டும்.
நெஞ்சை எப்படி அலச?

ஜெபிஷா இரண்டாம் வகுப்பு.
மலை வரையச் சொன்னால்
ஒரு பக்கம் சரிவு,
மறுபக்கம் படிக்கட்டுபோல வெட்டு.
டீச்சர் பென்சிலை வாங்கி
மீதி மலையை வரைந்து கொடுத்தாராம்.
"அவங்க பார்த்ததே இல்லம்மா"
என்கிறாள், மூச்சுக்கு நடுவே
இரண்டு இடத்தில் நிறுத்தி.

ராத்திரி மூன்று மணிக்குக்
கழுத்துக் குழி உள்வாங்கும்.
விலா எலும்பு ஒவ்வொன்றாய்த் தெரியும்.
நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு.
இதில் ஆறைக் குறைத்து எழுத
எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூண்டில் ஆள் இல்லை.
சாவி எடுக்கப் போனபோது
அவளும் வந்தாள், மேடையில் ஏறினாள்.
"அம்மா, நான் எவ்வளவு?"
பூஜ்யம்.
குதித்தாள். அப்போதும் பூஜ்யம்.
ஐம்பது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
மூன்றாவது குதிப்பில் இருமல் பிடித்து
இரும்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளிக்குத் தெரியாமல் ஒரு சீட்டு அடித்தேன்.
வண்டி எண் இருக்கும் இடத்தில் அவள் பெயர்.
சரக்கு: எதுவும் எழுதவில்லை.
நிகர எடை: 0.
மேலே கம்பெனியின் முத்திரை, முகவரி, போன் நம்பர்.

இன்ஹேலரோடு பையில் கிடக்கிறது அது.
வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
அவர் கேட்காவிட்டாலும்
மேசைமேல் வைத்துவிடலாமா
என்று பார்க்கிறேன்.