பன்னிரண்டாம் இழை

தோளில் எலுமிச்சங்காய் அளவு.
பாசிச் சாக்கின் வார்
அதன்மேல்தான் உட்காரும்.

ராமநாதபுரத்தில் அறுத்தார்கள்.
மதுரைக்குப் போன துண்டு
தாளாகத் திரும்பியது:
பன்னிரண்டாம் இழை அறுந்து
மூன்றாவதோடு ஒட்டியிருக்கிறதாம்.
புற்று இல்லை. கொழுப்புதான்.

"கருவில் உங்களை வளர்த்துவிட்டுத்
தூங்கிப்போன மரபணு,
முடிச்சு மாறியதில் விழித்துக்கொண்டது"
என்றாள் டாக்டர் ஜெசிந்தா.

நாற்பத்தாறு வருஷத் தூக்கம்.
எழுந்ததும், பாவம்,
தெரிந்த ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

சின்னப்பாலத்தில் சேசடிமை கேட்டான்:
"என்னவாம்?"
"வலை பொத்துனவன்
கயித்த மாத்திக் கட்டிட்டானாம்."
"மீன் விழுமா?"

தையல் பிரிக்கும்வரை
உப்புத்தண்ணீர் கூடாது.
குருசடைப் பக்கம் நீரோ
கண்ணாடியாகக் கிடக்கிறது.
என் மரிக்கொழுந்துப் பாசி
யார் கைக்குப் போகிறதோ.